ஈயப் பக்கம்

பீடோர் பஸ் நிலையத்துக்கு எதிரே
கடைவீட்டின் பின்கட்டில் என் சூளை.
தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு
நன்கொடையாளர் பெயர் எழுதிய
இருபத்து நான்கு கண்ணாடிகளை
மெல்ல வளைத்துச் சுட்டுத் தருவதாகப் பேச்சு.
இருபத்தொன்று பளிச்சென்று வந்தன.
மூன்று பூத்துப் போயின.
காலையில் சூளையைத் திறந்தால்
பெயர்களின் மேல்
காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி ஒரு வெள்ளை.
வினிகர், சோடா, பல்பொடி.
தேய்த்தது என் விரல்தான்.

"கண்ணாடிக்கு ரெண்டு பக்கம் இருக்கு,"
ஈப்போவிலிருந்து தாள் ஏற்றிவரும்
லோரிக்கார லியோங் சொன்னான்.
உருகிய ஈயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான்
தாளாக்குகிறார்களாம்.
ஒரு பக்கம் ஈயத்தில் படுத்துக் கிடந்தது,
மறுபக்கம் காற்றை மட்டும் பார்த்தது.
படுத்த பக்கம் கொஞ்சம் ஈயத்தை
வைத்துக்கொண்டுவிடுமாம், யாருக்கும் தெரியாமல்.
அதை மேலே வைத்து வளைத்தால் பூக்கும்.
எப்படிக் கண்டுபிடிப்பது?
"நக்கிப் பார்."
நக்கினேன்.
இரண்டு பக்கமும் தூசி.

ஊரைச் சுற்றி லம்பக் குளங்கள்.
தோண்டி எடுத்துப் போனவர்கள் விட்ட குழிகளில்
இப்போது திலாப்பியா வளர்கிறது.
ஈயத்தின் கதை முடிந்தது என்றிருந்தேன்.
எந்த ஊர் ஈயமோ,
என் மேசையில் ஏறிப் படுத்திருக்கிறது.

மளிகைக்கடை முத்தழகியிடம்
கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கை இரவல் வாங்கினேன்.
ஐம்பது வெள்ளித் தாளில் நூல்நூலாய் மின்னியது.
நவநீதனின் சட்டை
சோப்புத்தூள் புண்ணியத்தில் தகதகத்தது.
கண்ணாடி மட்டும் வாய் திறக்கவில்லை.
அலை இன்னும் குட்டையாக இருக்க வேண்டுமாம்.
அந்த விளக்கு தபாலில் வந்தது,
பதினேழு நாள் கழித்து,
கண்ணைச் சுடும் என்ற எச்சரிக்கையோடு.

பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது?
கடையில் இருட்டான ஒரே இடம் கக்கூஸ்.
நானும் நவநீதனும் தாளும் நுழைந்தோம்.
"வெறுங்கண்ணால பாக்காதீங்கக்கா,"
தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச்
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.
கண்ணாடியைப் பார்க்க ஒரு கண்ணாடி,
அதுவும் மைனஸ் ஐந்து.
வாளி எது, குழாய் எது, ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு பக்கம் காட்டினேன்:
விளக்கின் ஊதா, மற்றபடி கருப்பு.
திருப்பினேன்.
கித்தாப்பாலில் நிறையத் தண்ணீர் ஊற்றியது மாதிரி
ஒரு நீலவெள்ளை
தாள் முழுக்க எழும்பி நின்றது.
"என்னக்கா, என்ன தெரியுது?"
வெளியே யாரோ அவசரமாகக் கதவைத் தட்டினார்கள்.
பதில் சொல்லாமல்
இன்னொரு தரம் திருப்பினேன்.

அன்றிலிருந்து தாள் வந்து இறங்கியதும்
ஈயப் பக்கத்து மூலையில் மார்க்கரால்
'ஈ' என்று எழுதிவிடுவேன்.
சூளையில் அது எரிந்துபோகும்.

பூத்த மூன்றையும் மறுபடி செய்தேன்.
இருவர் பணம் கட்டியவர்கள்.
மூன்றாமவர் செம்பனைக் குத்தகை வைரக்கண்ணு.
ஐயாயிரம் வெள்ளி என்று மேடையில் அறிவித்து
மாலையும் வாங்கிக்கொண்டு
இரண்டு வருடமாக "நாளைக்கு" என்கிறார்.
அவர் கண்ணாடி சுட்டு ஆறிய பின்
பின்பக்க மூலையில், ஈயத்தின் மேல்,
மிளகளவாக
அந்த எழுத்தை மறுபடி எழுதினேன்,
முன்னாலிருந்து படிக்க வாகாக
இடம் வலம் மாற்றி.

திறப்புவிழாவில் தன் பெயர் முன்
வெகுநேரம் நின்றார் வைரக்கண்ணு.
கையை வீசி விரட்டினார்.
போகவில்லை.
கைக்குட்டையால் துடைத்தார், எச்சில் தொட்டும் துடைத்தார்.
பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளை சொன்னது:
"அது எழுத்து, அங்கிள்."
"என்ன எழுத்து?"
"ஈ."
"அதத்தானம்மா நானும் வெரட்டுறேன்."